முப்பது வினாடிக் கெடு

கூடைப்பந்து ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காணும் நேயர்கள், கூடைக்கு மேலே செந்நிற எண்களுடன் ஒளிரும் சிறு கடிகாரம் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். ஆட்டத்தின் மொத்த நேரத்தைக் காட்டும் கடிகாரம் வேறு, இது வேறு. ஓர் அணியின் கைக்குப் பந்து வந்தவுடன் இது ஓடத் தொடங்குகிறது. எண் குறைந்துகொண்டே வந்து சூன்யத்தைத் தொடுமுன் பந்து ஆட்டக்காரரின் கையை விட்டுக் கூடையை நோக்கிப் புறப்பட்டிருக்க வேண்டும். பிறகு அது வளையத்தையேனும் தீண்ட வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இதனை ‘ஷாட் கிளாக்’ என்பார்கள். நாம் எறிகடிகாரம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கடிகாரம் எல்லா நாட்டிலும் ஒரே அளவில் ஓடுவதில்லை. சர்வதேசச் சம்மேளனத்தின் விதிப்படி கெடு 24 வினாடி. இந்தியாவிலும் அதுவே விதி. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டமாகிய என்.பி.ஏ.யிலும் 24 வினாடிதான். ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளில் கெடு 30 வினாடி. அங்கே கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் 1985 வரை பொதுவான கெடு எதுவுமே கிடையாது. பிறகு 45 வினாடி வந்தது. 1993இல் அது 35 ஆயிற்று. 2015இல் 30 ஆயிற்று. ஒரே விளையாட்டு, ஒரே அளவு மைதானம், ஒரே உயரக் கூடை. கெடு மட்டும் மூன்று முறை மாறியது. ஆகவே, நேரம் குறுகும்போது தாக்கும் அணியின் ஆட்டம் எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. நேரம் குறைந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் ஆட்டம் சிறக்கும் என்பது பொதுவான எண்ணம். அந்த எண்ணத்தில் முதற்பாதி மெய். இரண்டாம் பாதியை அப்படியே ஏற்பதற்கில்லை.

1891இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.ஸி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பீச் பழக் கூடைகளை உயரே மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். அவர் வகுத்த விதிகளில் எறிவதற்குக் கெடு ஏதும் இல்லை. கூடை இருக்கிறது, கையில் பந்து இருக்கிறது. எறியாமல் வேறு என்ன செய்வார்கள் என்று அவர் கருதியிருக்க வேண்டும். (இதே ஒய்.எம்.ஸி.ஏ. இயக்கத்தின் வழியாகவே இந்த ஆட்டம் நம் நாட்டிலும் பரவிற்று. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரிக்கு அதில் பெரும் பங்கு உண்டு.)

எறியாமலிருப்பதும் ஒரு யுக்தி என்பதைப் பின்வந்தவர்கள் கண்டுகொண்டனர். 1950 நவம்பர் 22 அன்று மினியாபொலிஸ் நகரில் நடந்த தொழில்முறை ஆட்டம் ஒன்று இதற்குப் பேர்போன சான்று. உள்ளூர் லேக்கர்ஸ் அணியில் ஜார்ஜ் மைக்கன் என்னும் நெடிய ஆட்டக்காரர் இருந்தார். அவரை நேருக்கு நேர் எதிர்க்க இயலாது என்று உணர்ந்த ஃபோர்ட் வேன் அணியினர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பொழுதைப் போக்கினர். முடிவில் 19-க்கு 18 என்று அவர்களே வென்றனர். லேக்கர்ஸ் எடுத்த 18இல் 15 மைக்கன் எடுத்தவை. வென்றவர்களுக்கு மகிழ்ச்சிதான், ஆனால் சீட்டு வாங்கி வந்தவர்களின் நிலைமையை எண்ணிப் பாருங்கள்!

இந்த நோய்க்கு மருந்து கண்டவர்களுள் முதன்மையானவர் சிரக்கியூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன். அவர் போட்ட கணக்கு மிக எளியது. நன்றாக ஆடப்படும் ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை எறிகின்றன. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 வினாடி. 120ஆல் வகுத்தால் 24. அவ்வளவுதான்! 1954-55ஆம் பருவத்தில் அந்தக் கெடு நடைமுறைக்கு வந்தது. முந்தைய பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக எடுத்த புள்ளிகள் 79½; புதிய பருவத்தில் அது 93ஆக உயர்ந்தது. அந்த ஆண்டின் வாகையைச் சூடியதும் சிரக்கியூஸ் அணியே.

கல்லூரிகளோ இதனை ஏற்கவில்லை. ஆட்டத்தின் வேகத்தை நிர்ணயிப்பது பயிற்சியாளரின் உரிமை என்பதும், பந்தைப் பறிகொடாமல் வைத்திருப்பது ஒரு கலை என்பதும் அவர்களுடைய கட்சி. அதன் விளைவாகப் பிறந்த எண்ணிக்கைகள் விசித்திரமானவை. 1968இல் வட கரோலினா மாநிலக் கல்லூரி டியூக் பல்கலைக்கழகத்தை 12-10 என்று வென்றது. 1973 டிசம்பரில் டென்னசி டெம்பிளை வென்ற எண்ணிக்கை 11-6. 1979இல் டியூக்கும் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் ஆடியபோது இடைவேளையில் டியூக் 7, வட கரோலினா சூன்யம்.

இந்தக் கலையில் பெயர் பெற்றவர் வட கரோலினாவின் பயிற்சியாளர் டீன் ஸ்மித். அவர் பழக்கிய முறைக்கு ‘நான்கு மூலை’ என்று பெயர். தாக்கும் பகுதியின் நான்கு மூலைகளிலும் நால்வர் நிற்பர். பந்தைத் தட்டிச் செல்வதில் தேர்ந்த ஒருவர் நடுவே உலவுவார். எதிரி நெருங்கினால் பந்து ஒரு மூலைக்குப் போகும். அங்கே நெருங்கினால் நடுவுக்கே திரும்பும். எதிரி பொறுமையிழந்து பாய்ந்தால் கூடைக்கு வழி திறந்துவிடும். பாயாவிட்டால் நேரம் கரையும். 1982 மார்ச் மாதம் நடந்த இறுதியாட்டம் ஒன்றில், முன்னணியில் இருந்த வட கரோலினா, வர்ஜீனியாவுக்கு எதிராகப் பல நிமிடங்கள் இவ்வாறு பந்தை நிறுத்தி வைத்து 47-45 என்று வென்றது. வட கரோலினா அணியில் அன்று இளைஞர் மைக்கேல் ஜோர்டன் இருந்தார். எதிரணியில் ஏழடிக்கும் மேல் உயர்ந்த ரால்ப் சாம்ப்ஸன் இருந்தார். அத்தகையவர்கள் களத்தில் இருந்தும் ஆட்டம் நின்றுவிட்டதைத் தொலைக்காட்சியில் கண்ட மக்கள் முகம் சுளித்தனர். அடுத்த பருவத்திலேயே அந்தக் கல்லூரிக் கூட்டணி 30 வினாடிக் கெடுவைச் சோதனையாகக் கையாண்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் 1970ஆம் ஆண்டளவிலேயே 30 வினாடிக் கெடுவுடன் ஆடத் தொடங்கிவிட்டனர். ஆடவர் அதே எண்ணுக்கு வந்து சேர நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. புதுமை யாரிடமிருந்து வந்தது என்பதை ஆட்ட வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுகின்றனர்.

கெடு இல்லாத காலத்தின் கடைசிப் பெரிய ஆட்டம் 1985 ஏப்ரல் முதல் நாள் நடந்தது. தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதியாட்டம் அது. முந்தைய ஆண்டின் வெற்றியாளரான ஜார்ஜ்டவுனை வில்லனோவா எதிர்த்தது. வில்லனோவா வெல்லும் என்று எதிர்பார்த்தவர் மிகச் சிலர். அவ்வணியினர் அவசரமின்றிப் பந்தைக் கைமாற்றி, மிக நல்ல வாய்ப்பு வந்தாலன்றி எறிவதில்லை என்ற உறுதியுடன் ஆடினர். ஆட்டம் முழுவதிலும் அவர்கள் எறிந்தது 28 முறைதான். அதில் 22 கூடையில் விழுந்தன. பிற்பாதியில் பத்து எறிந்து ஒன்பது விழுந்தன. 66-64 என்று வென்றனர். பந்தை நிறுத்தி வைக்கும் சோம்பல் வேறு, நல்ல வாய்ப்புக்காகக் காத்திருக்கும் பொறுமை வேறு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. எறிகடிகாரத்தைப் பற்றிய வாதம் அனைத்தும் இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது என்பதிலேயே அடங்கியிருக்கிறது. கடிகாரத்துக்கு அந்த வேற்றுமை தெரியாது.

அடுத்த பருவத்தில் 45 வினாடிக் கெடு வந்தது. அதற்கும் அடுத்த பருவத்தில் தூரத்திலிருந்து எறிவதற்கு மூன்று புள்ளி என்னும் விதியும் வந்தது. 1993இல் கெடு 35 வினாடியாயிற்று. நேரம் குறைந்தால் புள்ளிகள் பெருகும் என்பது முழு உண்மையானால், அதன்பின் எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும். நிகழ்ந்ததோ நேர்மாறு. இருபதாண்டுகளில் புள்ளிகள் படிப்படியாகக் குறைந்து, 2012-13ஆம் பருவத்தில் ஓர் அணியின் சராசரி 67½ அளவுக்கு இறங்கிற்று. பல பத்தாண்டுகளில் காணாத தாழ்வு அது. காரணம் என்ன? தடுக்கும் அணிகளும் சும்மா இருக்கவில்லை. உடலோடு உடல் மோதித் தடுப்பதை நடுவர்கள் பெரிதும் அனுமதித்தனர். பந்தை எதிர்ப்புறம் கொண்டு வருவதற்குள்ளாகவே எதிரியை மறித்துச் சில வினாடிகளைத் தின்றுவிடும் முறைகள் வளர்ந்தன. கெடு என்பது தாக்குவோரை மட்டும் விரட்டும் சவுக்கு அன்று. தடுப்போருக்கு அது ஒரு துணையும் ஆகும். முப்பத்தைந்து வினாடி தாக்குப்பிடித்தால் போதும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா?

2015இல் கெடு 30 ஆனபோது நிலைமை மாறிற்று. 2014-15இல் 67½ அளவில் நின்ற சராசரி, மறு பருவத்தில் 73 அளவுக்கு எழும்பிற்று. கடிகாரத்தின் வெற்றி என்று பலர் கொண்டாடினர். ஆனால் அந்தப் பருவத்திலேயே வேறு சில விதிகளும் மாறின. கூடையின் கீழ் மோதல் தவறு தடுப்பவரைச் சாரும் என்று குறிக்கும் அரைவட்டம் மூன்றடியிலிருந்து நான்கடியாக விரிந்தது. ஓய்வு கேட்கும் உரிமை குறைக்கப்பட்டது. ஆட்டக்காரரின் நடமாட்டத்தைக் கைகளால் தடுப்பதை நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்க வேண்டும் என்ற உத்தரவும் இருந்தது. ஆகையால் உயர்வு முழுவதையும் கடிகாரத்தின் கணக்கில் எழுதுவது நியாயமன்று.

கணக்கையே சற்று விரித்துப் பார்ப்போம். ஓர் அணி பந்தைக் கைப்பற்றியது முதல் எறிந்தோ பறிகொடுத்தோ அதை விடும் வரையுள்ள காலத்தை ஒரு ‘வாய்ப்பு’ என்போம். 35 வினாடிக் கெடுவின் கடைசிப் பருவத்தில் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் கிடைத்த வாய்ப்புகள் ஏறத்தாழ 65. மறு பருவத்தில் அது 70ஐ நெருங்கிற்று. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், அதாவது 2,400 வினாடி. இரண்டு அணிகளுக்கும் சேர்த்து 130 வாய்ப்பு என்றால் ஒரு வாய்ப்புக்குச் சராசரி பதினெட்டரை வினாடி. ஏறக்குறைய 140 என்றால் பதினேழு வினாடிக்குச் சற்று மேல். கெடுவில் ஐந்து வினாடியை வெட்டியும் நடப்பில் குறைந்தது ஒரு வினாடிக்குச் சற்று அதிகமே. ஏனெனில் பெரும்பாலான வாய்ப்புகள் கெடு நெருங்குமுன்னரே முடிந்துவிடுகின்றன. கெடு தொடுவது கடைசி வரை இழுத்துச் செல்லும் சில வாய்ப்புகளையும், கெடுவை நினைத்து முன்கூட்டியே விரையும் மனத்தையும்தான்.

இனி மற்றொரு வகுத்தல். 67½ புள்ளியை 65ஆல் வகுத்தால் ஒரு வாய்ப்புக்கு ஒரு புள்ளிக்குச் சற்று மேல் கிடைக்கிறது. 73ஐ 70க்குச் சற்றுக் குறைந்த எண்ணால் வகுத்தாலும் விடை ஏறத்தாழ அதுவே. அதாவது, அணிகள் முன்னைவிட அதிக முறை தாக்கின. ஒவ்வொரு தாக்குதலும் முன்னைவிடப் பெரிதும் கூர்மையாகிவிடவில்லை. அதே கடைக்காரர் அதே லாபத்தில் சில உருப்படிகள் கூடுதலாக விற்றது போலத்தான். கடிகாரம் எண்ணிக்கையைக் கூட்டும். தரத்தைக் கூட்டுவது பயிற்சியும் திறமையும் விதியை நடத்தும் நடுவரின் கண்டிப்புமே ஆகும்.

தரம் குறையவும் இல்லையே, அது எப்படி என்று கேட்கலாம். கெடுவின் இறுதி வினாடிகளில் எறியப்படும் பந்துகள் மற்றவற்றைவிடக் குறைவாகவே கூடையில் விழுகின்றன என்பது நெடுநாளாகக் கவனிக்கப்பட்ட உண்மை. கெடு குறுகினால் அத்தகைய அவசர எறிதல்கள் பெருகித் தாக்குதல் கெடும் என்று பயிற்சியாளர் பலர் அஞ்சினர். ஆனால் இங்கே காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிவிடும் ஆபத்து உண்டு. நல்ல வாய்ப்பு பத்தாவது வினாடியில் கிட்டிய அணி அப்போதே எறிந்துவிடுகிறது. இருபத்தெட்டாவது வினாடி வரை பந்தை வைத்திருப்பது பெரும்பாலும் ஒன்றும் கிட்டாத அணி. ஆதலால் கடைசி எறிதல் மோசமாவதற்குக் கடிகாரம் மட்டுமே குற்றவாளி அன்று. அதற்கு முன் இருபது வினாடி வீணானதும் காரணம். அந்த வீண் பொழுதைத்தான் அணிகள் குறைத்துக்கொண்டன. முன்பு பந்தைச் சுற்றிச் சுற்றிக் கைமாற்றிய பிறகு தொடங்கிய வியூகத்தை, இப்போது நடுக்கோட்டைத் தாண்டியவுடன் தொடங்குகின்றனர். பந்து வைத்திருப்பவரைத் தடுக்க வருபவனுக்குக் குறுக்கே ஒரு தோழர் சுவர்போல் நின்று வழி திறந்துவிடும் முறை பெருவழக்காயிற்று. அதற்குச் சில வினாடிகளே போதும். ஐவரும் இடம் மாறிமாறி ஓடி எதிரியின் கண்ணைக் கட்டும் நீண்ட கோலங்கள் அருகின. இதில் எனக்குச் சிறிது வருத்தம் உண்டு.

அந்தக் கோலங்களுக்குப் பேர்போனது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். அதன் பயிற்சியாளர் பீட் கேரில், உயரத்திலும் வலிமையிலும் குறைந்த மாணவர்களைக் கொண்டு, பொறுமையாகப் பந்தைக் கைமாற்றி, தடுப்பவன் ஒரு கணம் முன்னே எட்டிப் பார்த்தால் அவன் முதுகுப்புறமாகக் கூடைக்கு ஓடிப் பந்தை வாங்கும் முறையைப் பழக்கினார். 1996 மார்ச்சில், 35 வினாடிக் கெடு நடந்த காலத்தில், முந்தைய ஆண்டின் தேசிய வாகையரான கலிபோர்னியாவின் யு.ஸி.எல்.ஏ. அணியை அவர்கள் 43-41 என்று வீழ்த்தினர். ஆட்டம் முடிய நான்கு வினாடிகளே இருந்த தறுவாயில் வெற்றிக் கூடை விழுந்தது, அந்த முதுகுப்புற ஓட்டத்தினாலேயே.

எளியவர் வலியவரை வெல்வதற்கும் கெடுவின் நீளத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நாணயம் ஒன்றைச் சுண்டிப் பாருங்கள். பத்து முறை சுண்டினால் ஏழு முறை பூ விழுவது அரிதன்று. நூறு முறை சுண்டினால் எழுபது முறை பூ விழுவது ஏறக்குறைய நடவாத காரியம். எண்ணிக்கை பெருகப் பெருக அதிருஷ்டத்தின் கை சுருங்கும். உள்ளபடியான பலமே வெளிப்படும். வாய்ப்புகள் குறைந்த மந்தமான ஆட்டத்தில் சிறிய கல்லூரிக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கெடு குறுகி வாய்ப்புகள் பெருகினால் அந்த நம்பிக்கை அந்த அளவுக்குத் தேய்கிறது. முதல் தரப் பிரிவில் மட்டும் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடும் நாட்டில் இது சிறிய சங்கதி அன்று. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நெடிய ஆட்டக்காரரும் இல்லை, பெருநிதியும் இல்லை. பொறுமை ஒன்றே கைம்முதல். 24 வினாடிக்கு இறங்கிவிடலாம் என்று யோசனை சொல்வோர் இதனை மறந்துவிடுகின்றனர் என்பது என் அபிப்பிராயம்.

எனினும் பொறுமை மடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் டோனி பென்னட் என்பவர் 2024 வரை பயிற்சியாளராக இருந்தார். 30 வினாடிக் கெடுவிலும் அவர் அணி மிக மெதுவாகவே ஆடிற்று. 2018இல் போட்டியின் முதல்நிலை அணிகளுள் ஒன்றாக நுழைந்து, கடைசி நிலையில் வைக்கப்பட்டிருந்த மேரிலாந்து-பால்டிமோர் கவுண்டிக் கல்லூரியிடம் 74-54 என்று தோற்றது. ஆடவர் போட்டியில் அதுவரை நிகழாத தோல்வி அது. வாய்ப்புகளைக் குறைத்து ஆடும் வலிய அணி, எதிரியின் அதிருஷ்டத்துக்குத் தானே இடம் கொடுக்கிறது என்று விமரிசகர்கள் எழுதினர். அதில் உண்மை உண்டு, இருபது புள்ளித் தோல்வியை அதனால் மட்டும் விளக்க முடியாவிட்டாலும். அவரோ முறையை மாற்றவில்லை. 2019இல் முதல் தரப் பிரிவிலேயே மிக மெதுவாக ஆடிய அதே அணி, ஒரு வாய்ப்புக்கு எடுக்கும் புள்ளியில் நாட்டின் முன்வரிசையில் நின்றது. இறுதியாட்டத்தில் டெக்சாஸ் டெக் அணியைக் கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்று வாகை சூடிற்று. நான்கு மூலை ஆட்டத்தைக் கடிகாரம் கொன்றது. காத்திருக்கும் கலையை அது கொல்லவில்லை. முப்பது வினாடிக்குள் காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு அது இடம் வைத்திருக்கிறது.

2019-20ஆம் பருவத்திலிருந்து ஆடவர் ஆட்டத்தில் இன்னும் ஒரு நுணுக்கம் சேர்ந்தது. எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்ப, அதைத் தாக்கும் அணியே மீண்டும் பற்றினால், கெடு முப்பதாகத் தொடங்காமல் இருபதாகத் தொடங்கும். பந்தை எதிர்ப்புறம் கொண்டு போகும் வேலை இல்லாதபோது முழு நேரம் எதற்கு என்பது அதன் நியாயம்.

வெளியூர்களில் கல்லூரி சேர்ந்திருக்கும் நம் இளைஞர்கள் ஆடும் ஆட்டத்தையோ, அமெரிக்கக் கல்லூரிகளின் ஆட்டத்தையோ காணும்போது, கூடைமேல் உள்ள எண் பத்தைத் தொடும் வேளையில் பந்தை விட்டுவிட்டு ஆட்டக்காரரின் கால்களைக் கவனியுங்கள். ஒழுங்காகப் பயின்ற அணியில் ஐவரும் அப்போதும் நகர்ந்துகொண்டிருப்பர். பயிலாத அணியில் நால்வர் நின்றுவிடுவர். ஐந்தாமவர் கடிகாரத்தை அண்ணாந்து பார்ப்பார்.